இணையதளத்தைத் தானே புதுப்பிக்கும் கிட் ஹூக்

சிவகாசியில் பட்டாசுக் கடை வைத்திருக்கும் என் மாமாவின் இணையதளத்தை, விருதுநகரில் இருந்தபடி நான் கவனித்து வருகிறேன். 2018 அக்டோபர் 23 அன்று, இணையம் வழியே பட்டாசு விற்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தீபாவளிக்கு இரண்டு வாரமே இருந்தது. தளத்தில் இருந்த ஆர்டர் படிவங்களை நீக்கி, பைல்களை எப்.டி.பி. மூலம் ஒவ்வொன்றாக அப்லோட் செய்தேன். ஒரு பைல் விட்டுப் போனது. மறுநாள் காலை அந்தப் பக்கம் வழியாக இரண்டு ஆர்டர்கள் வந்திருந்தன. சரக்கு கிளம்பும் முன் கவனித்து, பணத்தைத் திருப்பிவிட்டோம். "லைசென்சுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்னப்பா செய்வது?" என்று மாமா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு நான் பயன்படுத்தத் தொடங்கியது கிட் என்னும் இலவச புரோகிராம். லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் இதை உருவாக்கினார். நாம் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, குறிப்புடன் பேரேடு போல வைத்திருக்கும். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மாற்றம் வந்தவுடன் தானாக இயங்கும் சிறிய ஸ்கிரிப்ட் பைல்களையும் இதில் வைக்கலாம். இவையே ஹூக்.

அமைக்கும் வழி இதுதான்:

1. உங்கள் சர்வரில் எஸ்.எஸ்.எச். வசதியும் கிட் புரோகிராமும் உள்ளனவா எனப் பார்க்கவும். விலை குறைந்த சில ஹோஸ்டிங் திட்டங்களில் இவை கிடைப்பதில்லை.

2. இணையதள போல்டருக்கு வெளியே, மாற்றங்களின் பதிவு மட்டும் இருக்கும் கிட் சேமிப்பிடம் ஒன்றை சர்வரில் உருவாக்கவும்.

3. அதனுள் உள்ள ஹூக்ஸ் போல்டரில் 'போஸ்ட்-ரிசீவ்' என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஒரு பைல் தயாரிக்கவும். வந்த பைல்களை இணையதள போல்டரில் எடுத்து வைக்கும் 'செக்-அவுட்' கட்டளையை அதில் எழுதவும்.

4. அந்த பைலுக்கு இயங்கும் அனுமதி தரவும். இதை மறந்தால் ஹூக் இயங்காது.

5. இனி வீட்டுக் கம்ப்யூட்டரில் மாற்றங்களை 'கமிட்' செய்து, 'புஷ்' கொடுத்தால் போதும். கமிட் செய்த அனைத்தும் ஒன்றாகத் தளத்திற்குச் சென்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. நாம் தவறாக எழுதியதையும் இந்த ஹூக் அப்படியே தளத்தில் ஏற்றிவிடும். எனவே 'ப்ரீ-ரிசீவ்' என்ற இன்னொரு ஹூக்கையும் வைத்துள்ளேன். எந்தப் பக்கத்திலாவது ஆர்டர் படிவம் இருந்தால், அனுப்பியதை ஏற்காமல் அது திருப்பிவிடும். சர்வர் மாற்றும்போது ஹூக் பைல்களைத் தனியே காப்பி செய்ய மறக்காதீர்கள். 'குளோன்' செய்தால் அவை உடன் வராது.