மீளப் பழக்குவோரின் படிப்பு

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்களுக்காக ஆண்டுதோறும் நடைபெறும் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில், எக்ஸ்ரே எடுப்போருக்கும் அறுவை அரங்கில் கருவிகளைக் கையாள்வோருக்கும் உரிய படிப்புகள் உள்ள அதே பட்டியலில்தான் இயன்முறை மருத்துவமும் பேச்சு, செவித்திறன் பயிற்சிப் படிப்பும் இடம்பெறுகின்றன. எம்.பி.பி.எஸ். கிடைக்காதபோது எடுத்துக்கொள்ளும் அடுத்த படிப்புகள் என்று பெற்றோரும் இவற்றை ஒரே கூடையில் போட்டுவிடுகின்றனர். ஆனால், பரிசோதனைக்கூடப் பணியாளரின் வேலை பெரும்பாலும் நோயாளியின் ரத்த மாதிரியோடு முடிந்துவிட, மறுவாழ்வுத் துறையினர் செய்யும் வேலையோ நோயாளி தாமே தம் கையை அசைத்து, தாமே அடி எடுத்து வைத்து, தாமே பேச முயன்றால்தான் நிறைவேறுகிறது. மருந்து, கத்தி இரண்டையும் விடப் பயிற்சியே இங்கு முதன்மையான சிகிச்சை என்பதால், சிகிச்சையாளர் பாதி ஆசிரியராகவும் இருக்க வேண்டியுள்ளது. இந்தப் படிப்பின் தரத்தைத் தேர்வுத்தாளைக் கொண்டு அளக்க முடியாமல் போவதற்கும் அதுவே காரணம்.

நோயோ விபத்தோ பிறவிக் குறைபாடோ ஒருவரின் இயக்கத்தையும் அன்றாடச் செயல்களையும் குறுக்கிவிடும்போது, எஞ்சியிருக்கும் ஆற்றலைக் கொண்டு அவரை இயன்றவரை பழைய வாழ்க்கைக்கு மீட்பது மறுவாழ்வு மருத்துவம் எனப்படுகிறது. இதில் தசை, மூட்டு, நரம்பு, மூச்சு ஆகியவற்றின் இயக்கத்தைச் சீராக்குவது பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இயன்முறை மருத்துவம். உண்பது, உடுத்துவது, எழுதுவது, தொழில் செய்வது போன்ற செயல்களை மீண்டும் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. செயற்கைக் கால், காலிப்பர் முதலியவற்றை அளவெடுத்துச் செய்து பொருத்துவது ஒரு தனிப்படிப்பு. பேச்சும் செவித்திறனும் மற்றொன்று.

இத்துறைகள் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன என்பதற்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு நல்ல சான்று. 1946இல் அங்கு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போன கைகளைச் சீராக்க, நல்ல நிலையில் உள்ள தசையின் நாணை அதன் இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் இணைக்கும் அறுவைச் சிகிச்சையைச் செய்துவந்தார். அதுவரை விரலின் நடுமூட்டை மடக்கிவந்த தசை, இப்போது விரலின் அடிமூட்டை மடக்கி, நுனிப்பகுதியை நிமிர்த்த வேண்டும். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்த மாற்றம் தானாக நேர்ந்துவிடாது. பல வாரங்கள் நாள்தோறும் பயிற்சி அளித்து, பழைய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிப்பது இயன்முறைச் சிகிச்சையாளரின் பொறுப்பாக இருந்தது; அந்தப் பயிற்சி தவறினால் அறுவையும் வீணாகிவிடும்.

அதே கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த பின்னர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்யக் கற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திவந்த நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் அமைந்தது. மருத்துவரும் சிகிச்சையாளர்களும் செயற்கை அவயவம் செய்வோரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கும் முறை இத்தகைய இடங்களில்தான் வேரூன்றியது. இன்றைய மாணவர் எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அந்தக் கூட்டுமுறையைக் கண்ணால் பார்க்காமல் முழுமையாகக் கற்க இயலாது. வேலூர் நிலையத்துக்கு முன்பே மும்பையில் கமலா நிம்ப்கர் 1950இல் ஆக்குபேஷனல் தெரபிக்கான பள்ளியைத் தொடங்கியிருந்தார். பேச்சு, செவித்திறனுக்கான அகில இந்திய நிறுவனம் 1965இல் மைசூரில் உருவாயிற்று.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் இளநிலை இயன்முறை மருத்துவம் நான்காண்டு வகுப்பும் ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டதாக நடந்துவந்துள்ளது. முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உடலின் அசைவை விசைகளின் கணக்காக ஆராயும் உயிர்விசையியல் ஆகியவற்றைக் கற்று, பின்னர் எலும்பு மூட்டு, நரம்பு, இதயம், நுரையீரல் சார்ந்த சிகிச்சைகளுக்கு மாணவர் வருகிறார். பாடத்தின் பெயர்களைக் காட்டிலும் அவை நோயாளியிடம் எப்படி உருப்பெறுகின்றன என்பதே கவனிக்கத்தக்கது. பக்கவாதம் வந்த தொடக்க வாரங்களில் தோளைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்துவிட, கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்து இடைவெளி உண்டாக்குகிறது. நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்ப நினைக்கும் உறவினர், அன்பினால்தான் என்றாலும், செயலிழந்த அந்தக் கையைப் பிடித்தே தூக்கிவிடுகின்றனர். தோள்மூட்டின் அமைப்பை முதலாண்டிலேயே படித்துவிட்ட மாணவர், இடுப்பையும் தோள்பட்டை எலும்பையும் எங்கே தாங்கி எழுப்ப வேண்டும் என்பதைத் தம் கையால் பழகுவதும், அதை எழுதப் படிக்கத் தெரியாத தாயாருக்கும் விளங்கும்படி செய்துகாட்டுவதும் மருத்துவமனைக் கூடத்தில்தான்.

ஆக்குபேஷனல் தெரபி மாணவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவர் படிக்கும் நூல்கள் பெரும்பாலும் மேலைநாட்டு வீட்டையே மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அங்கு கரண்டியும் முள்கரண்டியும் குளியல் தொட்டியும் உண்டு, தரையில் சம்மணமிட்டு அமர்வதும் குந்தி உட்காரும் கழிப்பறையும் சேலைக் கொசுவமும் இல்லை. சோற்றைக் குழம்போடு பிசைந்து ஐந்து விரல்களாலும் திரட்டி வாய்க்குக் கொண்டுசெல்வதற்கு வேண்டிய விரலசைவு, கரண்டியைப் பிடிக்கும் பிடியிலிருந்து முற்றிலும் வேறானது என்பதால், நல்ல ஆசிரியர் அந்த அசைவைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துக் கற்பிக்கிறார்.

செயற்கை அவயவப் படிப்பில் உடற்கூறு அறிவே கைவேலையாகத் தெரிகிறது. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவரின் எஞ்சிய காலைப் பாரிஸ் சாந்தால் அச்செடுத்து, அதிலிருந்து வார்த்த உருவத்தைச் சீவியும் பூசியும் திருத்தி, அதன்மேல் கால்கூட்டைச் செய்கின்றனர். முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் எடையைத் தாங்கும் என்பதால் அங்கே சாந்தைச் சீவி அழுத்தத்தைக் கூட்டவும், வெளிப்புறத்துச் சிற்றெலும்பின் தலைப்பகுதி தாங்காது என்பதால் அங்கே பூசி இடம்விடவும் வேண்டும். சில மில்லிமீட்டர் பிசகினாலே புண் உண்டாகி, செயற்கைக் கால் மூலைக்குப் போய்விடும். வெறுங்காலோடு நடக்கவும் குந்தி உட்காரவும் ஏற்றதாக 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், பட்டறை அறிவும் மருத்துவ அறிவும் சேர்ந்ததன் விளைவு.

பேச்சுப் பயிற்சியிலோ மொழியே கருவி. ழகரம் வராத குழந்தையைக் கண்டதும் உச்சரிப்புக் குறைபாடு என்று எழுதிவிடும் மாணவர், அந்தக் குடும்பமே ழகரத்தை ளகரமாகப் பேசும் வட்டாரத்திலிருந்து வந்திருக்கிறதா என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். இல்லையேல் வட்டார வழக்கையே நோயாக்கிவிடுவார்.

இத்தனை நெருக்கமான துறைகளைச் சட்டம் இரண்டு அமைச்சகங்களுக்கு இடையில் பிரித்து வைத்திருப்பது விந்தை. பேச்சு, செவித்திறன் படிப்பும் செயற்கை அவயவப் படிப்பும் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூக நீதி அமைச்சகத்தின்கீழ் உள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தின் கட்டுப்பாட்டில் வர, இயன்முறை மருத்துவத்துக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் நாடு முழுமைக்குமான சட்டம் 2021இல்தான் சுகாதார அமைச்சகத்தின் வழியாக வந்தது. தேசிய ஆணையம் ஒன்றை அமைக்கும் அச்சட்டம், குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு முடித்தவரைச் சுகாதாரத் தொழில்முறையாளர் என்றும், குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு முடித்தவரைத் துணைத் தொழில்முறையாளர் என்றும் வகுக்கிறது. ஆணையம் 2025இல் வெளியிட்ட பாடத்திட்டம் இளநிலை இயன்முறை மருத்துவத்தை ஓராண்டுப் பயிற்சியோடு கூடிய ஐந்தாண்டுப் படிப்பாக்கியுள்ளது. இயன்முறைச் சிகிச்சையாளர்கள் பெயருக்கு முன் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா என்ற சச்சரவுக்கு ஊடகங்களில் கிடைத்த இடத்தில் ஒரு பங்குகூட இந்த மணிக்கணக்குக்குக் கிடைக்கவில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்போர் கட்டடத்தையும் கருவிகளையும் பார்ப்பதோடு, கல்லூரிக்குச் சொந்தமாக மருத்துவமனை உண்டா, அங்கே பக்கவாத நோயாளிகளும் தண்டுவடம் சிதைந்தவர்களும் மூளை முடக்குவாதக் குழந்தைகளும் உண்மையில் வருகின்றனரா, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் எத்தனை மாணவர் நோயாளியைத் தொட்டுக் கற்கின்றனர் என்று விசாரிப்பது பயன் தரும். பட்டம் பெற்ற பின் கிடைக்கும் தொடக்க ஊதியம் தனியார் துறையில் பல நேரம் ஏமாற்றமளிப்பதையும், அதனாலேயே பலர் வளைகுடா நாடுகளுக்கும் பிரிட்டனுக்கும் செல்வதையும் மறைக்கத் தேவையில்லை.

உள்நாட்டிலும் பணியிடத்தின் தன்மை மாறிவருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் வகையை ஏழிலிருந்து 21ஆக உயர்த்தியது; தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் நோயாளியின் வீட்டுக்கே செல்கிறார்; மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ மையங்கள் பல வகைச் சிகிச்சைகளை ஊருக்கு அருகில் கொண்டுவர முயல்கின்றன. குறுகலான ஓர் அறையில், இணைகம்பிகளோ உயரம் மாற்றும் கட்டிலோ இல்லாமல், கயிற்றுக் கட்டிலையும் திண்ணையையும் வாசற்படியையும் கொண்டே பயிற்சி அளிக்க வேண்டிய இந்த வேலைக்கு மாணவர்கள் பெறும் ஆயத்தமோ பெரும்பாலும் பெரிய மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில் நடைபெறுவதால், நீட்டிக்கப்பட்ட பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியையாவது இத்தகைய வீடுகளிலும் கிராம மையங்களிலும் மேற்பார்வையோடு கழிக்கச் செய்வது பல்கலைக்கழகங்கள் உடனே செய்யக்கூடிய மாற்றம்.