சருகுக்கு அடியில் ஒரு விருந்து

பிள்ளைகளே, திருகோணமலையில் மாரி தொடங்கிவிட்டது. இரவு முழுவதும் வாடைக்காற்று. காலையில் முற்றத்துக்கு வந்தால் மாவிலையும் வேப்பஞ்சருகும் ஈரத்தோடு மண்ணில் ஒட்டிக் கிடக்கின்றன. "எல்லாத்தையும் கூட்டிக் குவிச்சு, வெயில் வந்ததும் கொளுத்திவிடுவம்" என்கிறார் அம்மம்மா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்! அந்தச் சருகை நம்பி ஒருவர் வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறார்.

மாமரத்தடியில் சத்தம் போடாமல் நின்று பாருங்கள். ஒரு சருகு தானாகப் புரள்கிறது. அடுத்ததும் புரள்கிறது. பிறகுதான் கண்ணில் படுகிறது ஒரு குட்டைவால் குருவி. பச்சை முதுகு, தோளில் பளிச்சென்ற நீலம், வாலடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. எடையோ ஒரு கோழி முட்டை அளவுதான். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இது விசிலடிப்பதுபோல் கூவும். அதனால்தான் தமிழில் இதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். இந்தியில் 'நவரங்', அதாவது ஒன்பது நிறம் என்பார்கள்.

இது கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும். இமயமலை அடிவாரத்திலிருந்து நம் ஊருக்கு நேர்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீற்றரைத் தாண்டும். அவ்வளவு தூரத்தையும் பெரும்பாலும் இரவில்தான் பறந்து கடக்கிறது.

ஒரே குளிர், இரண்டு விருந்தாளிகள்

ஏன் இங்கே வருகிறது? வடக்கே குளிர்காலம் நெருங்கும்போது அங்கே பூச்சி, புழு குறைந்துவிடும். நம் ஊரிலோ அப்போதுதான் மழை தொடங்கி மண் நனைகிறது.

அந்த மழைக்கும் வடக்கின் குளிருக்கும் தொடர்பு உண்டு. குளிர்காலத்தில் ஆசியாவின் பெருநிலம் கடலைவிட விரைவாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும்போது நீராவியை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் மழையாகக் கொட்டும். இதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. ஆக, மழையும் குருவியும் ஒரே குளிர் நமக்கு அனுப்பிவைக்கும் விருந்தாளிகள்.

சருகு என்ன செய்கிறது?

ஈரச் சருகில் பூஞ்சணமும் பக்டீரியாவும் வளர்ந்து அதை உக்க வைக்கின்றன. உக்கிய இலையை மரவட்டையும் மண்புழுவும் தின்கின்றன. இப்படிச் சருகுக்குள் ஊரும் புழு பூச்சிகளைத்தான் ஆறுமணிக் குருவி தேடித் தின்கிறது. மிஞ்சிய சத்தெல்லாம் மாமரத்தின் வேருக்கே திரும்பிப் போகிறது. கொளுத்தினாலோ இலையிலிருந்த நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். கடற்கரையை அண்டிய நம் மணல் நிலத்தில் மிச்சச் சாம்பலையும் மழை கரைத்துக் கொண்டுபோய்விடும்.

மழை விட்டதும் ஒரு கத்தரிக் கன்றின் அடியிலையைத் திருப்பிப் பாருங்கள். வெறும் மண்ணில் நிற்கும் கன்றென்றால் இலையின் அடிப்பக்கத்தில் மண் தெறித்திருக்கும். மண்ணோடு நோய்க் கிருமிகளும் இலைக்கு ஏறுகின்றன. அடியில் சருகு பரப்பிய கன்றின் இலை சுத்தமாக இருக்கும். மழைத்துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்கிறது.

மாரி வேலைகள்

நடைபாதையிலும் வீட்டுச் சுவரோரத்திலும் கிடக்கும் சருகைக் கூட்டி, மரத்தடியில் பரப்புங்கள். சருகைக் கையால் கிளறாதீர்கள். பாம்போ பூரானோ படுத்திருக்கலாம். நீளமான தடியே நல்லது.

"சருகை விட்டால் நுளம்பு பெருகாதா?" என்று அம்மம்மா கேட்பார். டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர் ஆகியவைதான் அதற்குத் தொட்டில். முட்டை நுளம்பாக மாற 7 முதல் 10 நாள் வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும்.

பொலித்தீனைச் சருகோடு சேர்க்கவே கூடாது. பிரெட்றிக் கோட்டையிலும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் உணவு வாசனை பிடித்து அதையும் விழுங்கிவிடும். செரிக்காத பொலித்தீன் இரைப்பையிலேயே தங்கி, மானைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும்.

இரவில் பறந்து களைத்த ஆறுமணிக் குருவி சிலவேளை வீட்டுக்குள் வந்து விழும். பூனையை அடக்கி வையுங்கள். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், இருட்டாக, அமைதியான இடத்தில் குருவியை இருக்க விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் மரத்தடியில் விட்டுவிடலாம். காயம் பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

முற்றத்தில் ஒரு முழ நீளம், ஒரு முழ அகலத்தில் இரண்டு சதுரங்கள் போடுங்கள். ஒன்றைக் கூட்டுங்கள், மற்றதில் சருகை விடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தடியால் மெல்லக் கிளறி, எத்தனை வகை உயிர்கள் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அதை அம்மம்மாவிடம் காட்டுங்கள்.

சித்திரை பிறக்கும் நாட்களில் குருவி வடக்கே திரும்பிவிடும். அந்த நெடும் பயணத்துக்கான பலம் உங்கள் மாமரத்தடிச் சருகிலிருந்தும் கிடைத்திருக்கும்.