ராடாரில் தெரியும் சுழற்காற்றின் அடையாளம்
ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழை பயிரிடும் குடியானவர்கள் பூச்சியையும் நோயையும் விடக் கோடைச் சூறைக்காற்றுக்கே அதிகம் அஞ்சுவார்கள். பல மாதங்கள் நீரும் எருவும் இட்டுக் காப்பாற்றிய தோட்டம், குலை தள்ளிய தறுவாயில், கால் மணி நேரக் காற்றில் தரையோடு சாய்ந்து விடுவதுண்டு. மாந்தோப்புகளிலும் முற்றாத காய்கள் உதிர்ந்து நஷ்டம் விளைகின்றது. இத்தகைய காற்றை முன்கூட்டி அறிவதற்கு ராடார் என்னும் கருவி எவ்வளவு உதவும், எவ்வளவு உதவாது என்பதை மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்வது அவசியம்.

ராடார் பார்க்கும் விதம்

ராடார் வானத்தை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்புகின்றது. அவை மழைத்துளியிலும் ஆலங்கட்டியிலும் பட்டுத் திரும்புகின்றன. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தால் மேகத்தின் தூரமும், திரும்பிய அலையின் வலிமையால் மழையின் கனமும் விளங்கும். டாப்ளர் ராடாரோ, இவற்றுடன் காற்றின் போக்கையும் காட்டும். ரயில் எஞ்சின் ஊதிக்கொண்டு நெருங்கும்போது ஊதலின் ஒலி உச்சமாகவும், கடந்து செல்லும்போது தாழ்ந்தும் கேட்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறே, ராடாரை நோக்கி வரும் துளிகளும் விலகிச் செல்லும் துளிகளும் அலையை வெவ்வேறு விதமாக மாற்றி அனுப்புகின்றன. இந்தியாவில் இத்தகைய ராடார் 2002-ஆம் ஆண்டில் சென்னையில் நிறுவப்பெற்றது.

கொடிய காற்றின் அடையாளங்கள்

டார்னடோ எனப்படும் கொடிய சுழற்காற்றின் அடையாளம் முதன்முதலாக 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ராடார்ப் படத்தில் பதிவாயிற்று. மழை மேகத்தின் ஓரம் தூண்டில் முள்போல் வளைந்து காணப்பட்டது. சுழலும் காற்று மழையைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டதே இதன் காரணமாகும்.

1973-ஆம் ஆண்டு மே 24-ந் தேதி ஒக்லஹோமா மாநிலத்தின் யூனியன் சிட்டி என்னும் ஊரைத் தாக்கிய சுழற்காற்றை ஆராய்ந்தபோது, மற்றோர் உண்மை புலப்பட்டது. நெருங்கி வரும் காற்றும் விலகிச் செல்லும் காற்றும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அடையாளம் மேகத்தின் நடுவில் முதலில் தோன்றி, பின்னரே கீழே இறங்கிற்று. அதாவது, காற்று தரையைத் தொடுமுன்பே அது வருவதை அறியக்கூடும் என்று ஏற்பட்டது.

மூன்றாவது அடையாளம், காற்று வாரிச் செல்லும் பலகை, தகரம், இலை முதலியவை ராடாரில் தெரிவது. மழைத்துளிகள் ஏறக்குறைய ஒரே வடிவின. சிதைபொருள்களோ பல வடிவின. ஆகையால் ராடார் இவற்றைப் பிரித்தறியும். ஆனால் இது தெரியும்போது ஓர் ஊர் ஏற்கெனவே தாக்கப்பட்டுவிட்டது என்று பொருள். எச்சரிக்கை அடுத்த ஊருக்கே பயன்படும்.

2011-ஆம் ஆண்டின் படிப்பினை

2011-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இக்காற்றுகள் வழக்கத்துக்கு மிஞ்சி எழுந்தன. ஏப்ரல் 25 முதல் 28 வரை 360 சுழற்காற்றுகள் பதிவாயின. அவ்வாண்டில் 553 பேர் மாண்டனர். மே 22-ந் தேதி மிஸ்ஸௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் மட்டும் 158 பேர் உயிரிழந்தனர். அன்று ராடாரைக் கொண்டு, காற்று தரையைத் தொடுவதற்குச் சுமார் 17 நிமிஷம் முன்னதாகவே எச்சரிக்கை விடப்பட்டது. எனினும், முதல் எச்சரிக்கையைக் கேட்ட பலர் உடனே ஒதுங்காமல், வேறோர் உறுதியை எதிர்பார்த்துக் காலந்தாழ்த்தினர் என்று பின்னர் நடந்த விசாரணையில் தெரிய வந்தது. கருவி கொடுத்த நிமிஷங்களை மனிதர் இழந்தனர்.

நம் நாட்டிலும் அண்டை நாட்டிலும் இது நேராத ஆபத்தன்று. 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி வங்க தேசத்தின் மாணிக்கஞ்ச் ஜில்லாவில் சுமார் 1,300 பேர் ஒரே சுழற்காற்றில் மடிந்தனர். 2024-ஆம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மேற்கு வங்காளத்தின் ஜல்பாய்குரி ஜில்லாவிலும் இத்தகைய காற்று உயிர்ச்சேதம் விளைவித்தது. தமிழ்நாட்டில் இது அரிது. இங்கே அடிக்கடி நேர்வது இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே பாய்ந்து நேராக வீசும் சூறையாகும். ராடாரில் இதன் அடையாளம், மழைக் கோடு வில்போல் முன்னே வளைந்து காணப்படுவது.

இப்பகுதியில் ராடாரின் எல்லை

ராடார்க் கதிர் நேராகச் செல்வது, பூமியோ வளைந்தது. ஆகவே தூரம் ஏற ஏறக் கதிர் தரையை விட்டு மேலே போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருவனந்தபுரம் நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். கொச்சி சுமார் 160. காரைக்கால் சுமார் 290. திருவனந்தபுரத்து ராடாரின் தாழ்ந்த கதிர்கூட, இங்கு வந்து சேரும்போது 2 கிலோமீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கும். 192 அடி உயரமுள்ள ஆண்டாள் கோயில் கோபுரம் போன்ற நாற்பது கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம். நடுவே மலைத்தொடரும் நின்று தாழ்ந்த கதிர்களைத் தடுக்கின்றது. காரைக்கால் ராடாரின் கதிரோ இவ்விடத்தில் சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் செல்லும்.

மேலும், கதிரின் அகலம் ஏறக்குறைய ஒரு பாகையாகும். 140 கிலோமீட்டர் தூரத்தில் அது சுமார் 2½ கிலோமீட்டராக விரிந்துவிடும். சில நூறு கஜ அகலமுள்ள சுழல் அதற்குள் மறைந்துபோகும். எனவே, வானளாவ எழும் இடிமேகத்தை ராடார் நன்கு காட்டும். வாழைத் தோட்டத்தின்மேல் பாயும் காற்றை அது நேரே பார்ப்பதில்லை. எஞ்சிய பங்கு கிராமத்திலுள்ளோரின் கண்ணைச் சேர்ந்தது.

செய்யத்தக்கவை

1. இந்திய வானிலை இலாகா, அடுத்த 3 மணி நேரத்துக்குரிய இடி மழை எச்சரிக்கையை ஜில்லாவாரியாக வெளியிடுகின்றது. விருதுநகர் ஜில்லாவுக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறம் காட்டப்பட்டால், மறு உறுதிக்குக் காத்திராமல் கிராம அதிகாரிகள் அதனைத் தண்டோரா, ஒலிபெருக்கி, கைபேசி ஆகியவற்றால் உடனே பரப்புதல் வேண்டும்.

2. பிற்பகலில் மலைமேல் மேகம் கறுத்து உயர்தல், புழுக்கத்துக்குப்பின் திடீரெனக் குளிர்ந்த காற்று வீசுதல், தூரத்தில் புழுதி எழுதல் ஆகியவை சூறையின் முன்குறிகள். இவற்றைக் கண்டபின் முட்டுக் கொடுக்க அவகாசமிராது.

3. ஆகையால் வாழைக்கு மண் அணைப்பதும், குலை தள்ளிய மரங்களுக்குச் சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுப்பதும் கோடை தொடங்குமுன்பே முடியவேண்டும். காற்று வரும் திசையில் அகத்தி அல்லது சவுக்கை நெருக்கமாக வளர்த்தால் வேகம் தணியும்.

4. இடியோசை கேட்டவுடன் வேலையாட்களைத் திறந்த வயலிலிருந்து உறுதியான கட்டடத்துக்கு அனுப்புக. மரத்தடியும் தகரக் கொட்டகையும் ஆகா. கால்நடைகளைத் தென்னை, புளி ஆகியவற்றின்கீழ் கட்டலாகாது. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிந்த பின்னரே வயலுக்குத் திரும்பலாம்.

5. அடங்கலில் பயிர் சரியாகப் பதிவாகியிருத்தல் வேண்டும். சேதம் நேர்ந்தால், சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் சர்வே நம்பருடன் கிராம நிர்வாக அதிகாரிக்குத் தெரிவித்துப் பார்வையிடச் செய்க. பதிவில்லாத பயிருக்கு நிவாரணம் கோருவது கடினம்.

கருவியின் அறிவிப்பும் கிராமத்தின் முன்னேற்பாடும் ஒன்று சேர்ந்தாலன்றிப் பயனில்லை. மரத்தை எல்லா வேளையும் காக்க முடியாது. ஆனால் அதன் கீழ் நிற்கும் மனிதரைக் காக்கச் சில நிமிஷங்களே போதும். அந்நிமிஷங்களை வீணாக்காதிருப்பது கிராம அதிகாரிகளுக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்கும் உரிய கடமையாகும்.