குற்றால அருவியும் குமரிக் கடலும் ஒரே நீலமா? ‘பால் மாதிரி’ தண்ணீர் படங்களில் நிறம் செய்யும் வேலை

போன சீசனில், சிவகிரியில் இருக்கும் என் சித்தி மகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு படங்கள் போட்டான். இரண்டிலும் தண்ணீர் பால் ஊற்றியது மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இரண்டும் ஒரே நீலப்பச்சை. ‘யக்கா, எப்படி இருக்கு?’ என்று எனக்குத் தனியாக வேறு ஒரு மெசேஜ். நான் பதில் அடிப்பதற்குள் சித்தி குரூப்பிலேயே கேட்டுவிட்டார்: ‘ரெண்டும் ஐந்தருவியாடா?’

ஒன்றுதான் ஐந்தருவி. இன்னொன்று கன்னியாகுமரியில் பாறை மேல் ஏறி இறங்கும் அலை.

சிவகிரிக்குக் கடல் கிடையாது. மேற்கே மலை, கீழே குளமும் வயலும். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று பஸ்ஸில் போனால் அருவி கிடைக்கும். கடல் வேண்டும் என்றால் திருச்செந்தூருக்கோ குமரிக்கோ ஒரு நாளை ஒதுக்கணும். அப்படி மெனக்கெட்டுப் போய் எடுத்த அலை, வீட்டுக்கு வந்ததும் அருவியாகிவிட்டது. தப்பு கேமராவில் இல்லை. இரண்டு படத்துக்கும் அவன் போட்ட ஒரே ‘ப்ரீசெட்’டில் இருக்கிறது.

உருவம் போச்சு, நிறம்தான் மிச்சம்

மோஷன் ப்ளர் என்பது பெரிய ரகசியம் இல்லை. ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் அலையின் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். அரை நொடி திறந்தால் துளிகள் கோடுகளாக இழுபடும். 30 நொடி திறந்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். பகல் வெயிலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால் லென்ஸ் முன்னால் ‘என்.டி. ஃபில்டர்’ என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டுவார்கள். 64 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி போட்டால், 1/125 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை அரை நொடியில் எடுக்கலாம். போனில் இந்தத் தொல்லை இல்லை. ஐபோனில் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் லைவ் போட்டோவை ‘லாங் எக்ஸ்போஷர்’ ஆக மாற்றலாம். கூகுள் பிக்சலில் 2021-இல் வந்த 6-வது மாடலிலிருந்து இதற்குத் தனி வசதி இருக்கிறது. போன் பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலந்துவிடும்.

அந்தக் ‘கலந்துவிடும்’ என்பதில்தான் நிறப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. ஓர் இடத்தில் பாதி நேரம் வெள்ளை நுரை, பாதி நேரம் பச்சைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். நுரையின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் மூன்றுமே 240. தண்ணீருக்கு 40, 110, 100. சும்மா சராசரி போட்டுப் பாருங்கள்: 140, 175, 170. நல்ல அழுத்தமான பச்சை, சாயம் போன வேட்டி மாதிரி ஆகிவிட்டது. நிறத்தின் செறிவு 64 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நேரில் பார்த்த கடலைவிடப் படத்தில் கடல் வெளிறி இருப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் போன் மட்டமானது என்பதால் அல்ல.

வெளிறியதைப் பார்த்ததும் கை தானாக சாச்சுரேஷன் பட்டனுக்குப் போகும். அங்கேதான் கொஞ்சம் நிற்கணும். சாதாரணப் படத்தில் அலையின் வடிவம், துளி, மடிப்பு எல்லாம் ‘இது கடல்’ என்று சொல்லிவிடும். ப்ளர் படத்தில் அதெல்லாம் அழிந்துவிட்டது. எந்தத் தண்ணீர், எந்த நேரம், எந்த ஊர் என்று சொல்ல மிச்சம் இருப்பது நிறம் மட்டும்தான். அதையும் மாற்றிவிட்டால் சித்தி கேட்ட கேள்விதான் வரும்.

குமரியின் நிறம் நீலம் மட்டுமா?

தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சிக்கொள்ளும், நீலம் தப்பி வரும். ஆழ்கடல் நீலமாகத் தெரிவது அதனால். கரையோரக் கதை வேறு. நுண்பாசி இருந்தால் பச்சை ஏறும், மணல் கலங்கினால் பழுப்பு ஏறும். நம் கரைகளில் அலை உடையும் இடத்தில் பெரும்பாலும் இருப்பது பச்சையும் பழுப்பும் கலந்த நிறம்தான். மாலத்தீவு விளம்பரத்தில் வரும் நிறத்தை அங்கே எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

ஆனால் குமரிக்கு அதைவிட சுவாரசியமான நிறங்கள் இருக்கின்றன. கன்னியாகுமரியில் கலர் மணலைப் பாக்கெட் போட்டு விற்பதை வாங்காமல் வந்தவர்கள் குறைவு. குமரி அம்மனின் நின்றுபோன கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியங்களும்தான் மணலாகிவிட்டன என்பது ஊர்க்கதை. அறிவியல் சொல்லும் கதையில் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் இந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. சாதா மணலைவிட இவை கனமானவை. அலை பின்வாங்கும்போது லேசான மணலை அள்ளிக்கொண்டு போகும், கனமானவை கோடு கோடாகத் தங்கிவிடும்.

இப்போ அரை நொடி ஷட்டரில் பின்வாங்கும் அலையை எடுத்துப் பாருங்கள். வெள்ளை நுரைக்கு அடியில் சிவப்பும் கறுப்பும் இழைகளாகத் தெரியும். நெசவில் ஊடு இழை ஓடுகிற மாதிரி. உலகத்தில் எல்லாக் கரையிலும் கிடைக்காத நிறம் இது. பிரபலமான ‘டீல்-ஆரஞ்ச்’ ப்ரீசெட் என்ன செய்யும்? நிழலை எல்லாம் நீலப்பச்சை ஆக்கும், சிவப்பை எல்லாம் ஆரஞ்சுக்கு இழுக்கும். கறுப்பு இல்மனைட் நீலமாகும். கார்னெட், குளிக்கிறவர்களின் தோல், செங்கல் சுவர் மூன்றும் ஒரே நிறமாகும். என் சித்தி மகன் படத்தில் நடந்தது அதுதான்.

ஐந்தருவியில் ஒளி வேறு வழியில் வருகிறது. மேலே மரங்கள், பக்கத்தில் பாறை, சீசன் நேரத்தில் சாரல், மேகம். வெயில் நேரடியாக விழாத நிழலில் வானத்தின் நீலம் தண்ணீர் மேல் படியும், இலைகளிலிருந்து பச்சை தெறிக்கும். நுரை எல்லா ஒளியையும் சமமாகச் சிதறடிக்கும் வெள்ளை என்பதால், என்ன ஒளி விழுகிறதோ அதைத் திருப்பிக் காட்டும். அதனால் அருவிப் படம் இயல்பாகவே கொஞ்சம் நீலமாக வரும். அதன் மேல் இன்னும் நீலம் ஏற்றினால் ஃப்ரீசருக்குள் எடுத்த படம் மாதிரி இருக்கும். குற்றாலத்தில் தண்ணீர் ‘ஜில்’லென்று இருக்கும், சரி. அதற்காக இவ்வளவா?

ஜவுளிக்கடை பாஷையில் எடிட்டிங்

லைட்ரூம், ஸ்னாப்சீட் எதுவானாலும் முதல் வேலை வைட் பேலன்ஸ். ஒளியின் நிறத்தைச் சரிசெய்வது அது. பலர் செய்வது, டிராப்பர் குறியை நுரை மேல் வைத்து ஒரு தட்டு. நுரை வெள்ளை, ஆகவே படம் சரியாகிவிடும் என்ற கணக்கு. அருவி நிழலில் இந்தக் கணக்கு ஓரளவு செல்லும், ஏனென்றால் நேரில் நம் கண்ணும் அந்த நீலத்தைக் கழித்துத்தான் பார்க்கிறது. குமரியில் சூரிய உதயத்தில் செல்லாது. காலை 6 மணி நுரை நிஜமாகவே பொன்னிறம். அதை வெள்ளையாக்கினால் நீங்கள் அலாரம் வைத்து எழுந்ததே வீண். அப்போது டேலைட் செட்டிங், அதாவது 5500 கெல்வின் பக்கம் வைத்துவிட்டு, கண்ணுக்குப் பிடித்த மாதிரி கொஞ்சம் நகர்த்தினால் போதும்.

அடுத்து நிறச் சாயல். ஆங்கிலத்தில் டீல், அக்வா, சியான் என்று பிரித்திருப்பது பலருக்குக் குழப்பம். நம்மூர் புடவைக்கடையில் இதற்கு இன்னும் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. இன்ஸ்டாவில் எல்லாரும் கடலுக்குப் போடுவது மயில்கழுத்து நிறம். நம் கரையோர அலை ராமர் பச்சையில் கொஞ்சம் சந்தனம் கரைத்த மாதிரி. அந்தி நேரத்துக் கடலில் வருவது வெங்காயத்தோல் நிறம். இப்படி மனதில் பெயர் வைத்துக்கொண்டு எடிட் பண்ணினால் கை தானாக அடங்கும் என்பது என் அனுபவம். அக்வா சாயலைப் பச்சைப் பக்கம் லேசாக, ஐந்து அல்லது பத்துப் புள்ளி நகர்த்துங்கள். செறிவைத் தொடாமல் அதே நிறத்தின் ஒளிர்வை மட்டும் குறையுங்கள். வெளிறிப்போன பச்சைக்கு ஆழம் வரும், சாயம் பூசிய மாதிரி இருக்காது. என்.டி. ஃபில்டர் போட்டிருந்தால் அதுவே ஊதாவோ பழுப்போ கொஞ்சம் ஏற்றியிருக்கும், அதை முதலில் ‘டின்ட்’டில் கழித்துவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், ப்ளர் படத்தில் நிறம் மெல்ல மெல்ல மாறும் பரப்பு அதிகம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். ரொம்ப இழுத்தால் படிகள் தனித்தனியாகத் தெரியும், வானமும் கடலும் பட்டை பட்டையாக உடையும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருக்கத்தில் இன்னும் மோசமாகும். ‘ரா’ ஃபைலில் எடுத்தால் இழுக்க இடம் அதிகம்.

பழுப்பை நீலமாக்கலாமா?

என்னால் சிரித்துவிட்டுப் போக முடியாத விஷயம் இது.

மலையில் மழை பெய்தால் அருவித் தண்ணீர் முதலில் மாற்றுவது நிறத்தை. தெளிவாக விழுந்தது செம்மண் கரைந்து காப்பிப் பொடி நிறமாகும், இலையும் சுள்ளியும் கூட வரும். உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்தபோது 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அதற்கு 11 நாள் முன்னால், மே 6 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை விடப்பட்டிருந்த நாட்கள் அவை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் உருவாகும் பெரிய அலைகள், இங்கே காற்றே இல்லாமல் திடீரென்று கரை ஏறுவதுதான் கள்ளக்கடல்.

ப்ளர் ஏற்கனவே தண்ணீரின் வேகத்தைப் பஞ்சாக்கிவிடுகிறது. மூர்க்கமான அலைதான் 30 நொடியில் ரொம்ப அமைதியாகத் தெரியும் என்பது இந்த உத்தியின் வினோதம். அதன் மேல் பழுப்பையும் அழித்து நீலம் போட்டால், வெள்ளம் வந்த நாள் குளிக்க அழைக்கும் நாளாகிவிடும். படத்தின் கீழே ‘குற்றாலம், இன்று’ என்று எழுதி ஸ்டோரியில் போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அதைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து வண்டி எடுக்கிறவருக்கு, உண்மை நிறம் ஒரு தகவல். செய்திப் படங்களுக்கு வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியின் விதி இதைத்தான் சொல்கிறது: நிறத்தைச் சரிசெய்யலாம், அசலிலிருந்து விலகிப்போகும் அளவுக்குச் சாயலை மாற்றக் கூடாது.

அப்போ கலைக்கு இடமே இல்லையா? தாராளமாக இருக்கிறது. 1950-களில் எர்ன்ஸ்ட் ஹாஸ், ஸ்பெயினின் காளைச் சண்டையை மெதுவான ஷட்டரில் எடுத்து, நிறங்களை வண்ணம் தீட்டிய மாதிரி ஓடவிட்டார். நிறம் வேண்டாம் என்பவர்களுக்கு ஹிரோஷி சுகிமோட்டோ இருக்கிறார். 1980 முதல் உலகம் முழுக்கக் கடலைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பாதி கடல், பாதி வானம், அவ்வளவுதான். குற்றாலத்திலேயே நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இருக்கிறது. சுவர் முழுக்க ஓவியம். அந்த நிறங்களை யாரும் நிஜம் என்று நம்பி ஏமாறுவதில்லை, அது ஓவியம் என்று தெரிந்தே பார்க்கிறார்கள். ஊதாக் கடல் வேண்டுமா, முழுசாக ஊதா ஆக்குங்கள். பார்த்தாலே கற்பனை என்று தெரியும். நிஜம் மாதிரியே இருக்கும் பொய் நீலம்தான் எனக்கு இடிக்கிறது.

இதையெல்லாம் சுருக்கி சித்தி மகனுக்கு வாய்ஸ் நோட் போட்டேன். ‘கிளாஸ் எடுக்காதக்கா’ என்று பதில் வந்தது. ஆனால் ஒரு வாரத்தில் அதே இரண்டு படங்களும் ப்ரீசெட் இல்லாமல் மறுபடி குரூப்பில் வந்தன. ஐந்தருவி சாம்பல் கலந்த வெள்ளை, ஓரத்தில் இலைப்பச்சை. குமரி அலை சந்தனப் பச்சை, அடியில் சிவப்பு இழை.

இந்த முறை எது எந்த ஊர் என்று சித்தி கேட்கவில்லை. ‘அலைக்குக் கீழ அது என்னடா செவப்பா, யாரும் குங்குமத்தைக் கொட்டிட்டாங்களா?’ என்றுதான் கேட்டார்.