படம் இருக்கும், பெயர் இருக்காது

படங்களைத் தொகுத்து வைக்கும் பிக்காசா மென்பொருளைக் கூகுள் நிறுவனம் 2016 மார்ச்சில் கைவிட்டது. அன்றைக்கு யாருக்கும் எந்த இழப்பும் நேரவில்லை. ஏற்கெனவே நிறுவியிருந்த கணினிகளில் அது வழக்கம்போல் திறந்தது. ஆல்பங்கள் இருந்தன, முகங்களுக்குக் கீழே பெயர்கள் இருந்தன. இனிப் புதிய பதிப்பு வராது, கோளாறு வந்தால் திருத்தித் தர ஆள் இல்லை என்பது மட்டும்தான் மாற்றம். அதனால் பலரும் அந்த அறிவிப்பைப் பொருட்படுத்தவில்லை. இழப்பு பின்னால் வந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதானபோது வந்தது. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியபோது வந்தது. பழைய டெஸ்க்டாப்பைக் கொடுத்துவிட்டு லேப்டாப் வாங்கியபோது வந்தது. ஒரு மென்பொருள் நிறுத்தப்படும் நாளுக்கும் அதன் விளைவு வீட்டுக்குள் தெரியும் நாளுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும் அந்த ஆண்டுகளே ஆபத்தானவை. பிக்காசாவைப் பொறுத்தவரை அந்தக் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும் கணினி ஒன்று உங்கள் வீட்டு மேசையிலேயே இருக்கக்கூடும்.

எது போகும், எது தங்கும் என்பதைத் தெரிந்துகொள்ள, பிக்காசா எதை எங்கே வைத்தது என்று பார்க்க வேண்டும். படங்களை அது இடம் மாற்றவில்லை. அவை நாம் போட்ட ஃபோல்டரிலேயே கிடந்தன. அவற்றின் மேல் நாம் செலுத்திய உழைப்பைத்தான் அது பல இடங்களில் பிரித்து வைத்தது. ஜேபெக் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு, படக்கோப்புக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. நட்சத்திரக் குறி, ஓரம் வெட்டியது, வண்ணம் திருத்தியது ஆகியவை அந்தந்த ஃபோல்டரில் பிக்காசா.ஐஎன்ஐ என்ற கண்ணுக்குத் தெரியாத கோப்பில் எழுதப்பட்டன. முகம் என்றால், படத்தில் அது எந்தச் செவ்வகத்துக்குள் இருக்கிறது என்பதும் ஆளுக்கான ஒரு குறியெண்ணும் அதே ஐஎன்ஐ கோப்பில் இருந்தன. அந்தக் குறியெண் யாருடையது என்று சொல்லும் முழுப் பட்டியல் அங்கே இல்லை. சி டிரைவில், பயனர் கணக்குக்குக் கீழே, ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரின் உள்ளடுக்கில் அது இருந்தது.

இப்போது கணினி பழுது பார்க்கும் கடைக்கு வாருங்கள். "டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் அப்படியே இருக்கும் சார், சி மட்டும்தான் ஃபார்மட் பண்றேன்" என்பார் கடைக்காரர். சொன்னபடியே செய்வார். படங்களில் ஒன்றுகூடக் குறையாது. சி டிரைவோடு பெயர்ப்பட்டியல் போயிருக்கும். படங்களைப் பென் டிரைவில் நகலெடுத்து அண்ணனுக்குக் கொடுத்தவர் கதையும் இதுவே. பிக்காசாவின் 'சேவ்' பொத்தானை அழுத்தாமல் நகலெடுத்திருந்தால் திருத்தாத மூலப் படம்தான் போயிருக்கும். அழுத்தியிருந்தால் திருத்திய படம் போயிருக்கும், மூலப் படம் பிக்காசாஒரிஜினல்ஸ் என்ற இன்னொரு மறைந்த ஃபோல்டரில் பின்தங்கியிருக்கும்.

முகங்களுக்குப் பெயரிட்டவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த முகங்களை நேரில் அறிந்தவர். ஓய்வு பெற்ற அப்பாவோ பெரியம்மாவோ ஸ்கேன் செய்த பழைய படங்களை மாதக்கணக்கில் பார்த்து, இவர் இன்னார் என்று ஒவ்வொன்றாகப் பதிந்திருப்பார். அந்த உழைப்பை மறுபடி செய்ய இன்றைக்கு அவர் இல்லாமல் இருக்கலாம். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் முதுகில் மையால் எழுதிய பெயர், படம் எங்கே போனாலும் கூடவே போயிற்று. பிக்காசா அதே பெயரை வேறொரு நோட்டில் எழுதி, நோட்டை வேறொரு அறையில் வைத்தது.

இது பிக்காசா மட்டும் செய்த வேலை அல்ல. ஆப்பிள் 2005-இல் அப்பர்ச்சர் என்ற மென்பொருளைத் தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்காக 499 டாலர் விலையில் கொண்டுவந்தது. வீட்டுப் பயனர்களுக்கு 2002 முதலே ஐஃபோட்டோ இருந்தது. 2014 ஜூனில் இரண்டின் வளர்ச்சியையும் நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. 2015 ஏப்ரலில் ஃபோட்டோஸ் என்ற புதிய செயலி வந்தது. பழைய நூலகத்தைப் புதியதாக மாற்றிக்கொள்ளும் வழியையும் ஆப்பிள் கொடுத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மாற்றத்தில் உருக்குலைந்தவை பல. ஐந்து நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் என்று தரம் பிரித்தது வெறும் குறிச்சொல்லாக மாறியது. அப்பர்ச்சரில் செய்த திருத்தங்களில் ஃபோட்டோஸுக்குத் தெரியாதவை படத்தில் அப்படியே உறைந்தன. அவற்றைத் திரும்பப் போய் மாற்ற முடியாது. பயனர் தாமே உருவாக்கிய தகவல் கட்டங்கள் திரையில் வரவே இல்லை.

மாற்றிக்கொள்ளாதவர்கள் பழையதையே ஓட்டினார்கள். 2018-இல் வந்த மொஹாவி இயங்குதளம் வரை அது ஓடியது. 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா இயங்குதளத்தில் அப்பர்ச்சரும் திறக்கவில்லை, ஐஃபோட்டோவும் திறக்கவில்லை. சரி, பழைய இயங்குதளத்துக்கே திரும்பிவிடலாமே என்றால், அதுவும் எல்லோருக்கும் ஆகாது. மேக் கணினி எந்த இயங்குதளத்தோடு விற்பனைக்கு வந்ததோ அதைவிடப் பழையதை ஏற்காது. 2020 நவம்பர் முதல் வந்த, எம்1 சிப் கொண்ட மேக் கணினிகளில் மொஹாவியை நிறுவ வழியே இல்லை. புதிய கணினியை ஆசையோடு வாங்கி, பழையதை விற்றுவிட்ட பிறகே பலருக்கு இது தெரியவரும்.

இந்த இரண்டு மென்பொருள்களின் நூலகமும் பார்வைக்கு ஒரே கோப்பு போலத் தெரியும். உண்மையில் அது ஒரு ஃபோல்டர். வலது சொடுக்கில் 'ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்' கொடுத்தால் உள்ளே போகலாம். அங்கே இரண்டு இடங்களில் தவறு நேர்கிறது. மூலப் படங்கள் மாஸ்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும், பழைய ஐஃபோட்டோவில் ஒரிஜினல்ஸ் என்று இருக்கும். பக்கத்திலேயே தம்ப்நெயில்ஸ், ப்ரிவ்யூஸ் என்ற ஃபோல்டர்களும் இருக்கும். அவற்றிலும் அதே முகங்கள், அதே திருமணம், ஆனால் சுருக்கிய படங்கள். அவசரத்தில் அவற்றை நகலெடுத்துக்கொண்டு நூலகத்தை அழித்துவிட்டால், பெரிதாக அச்சிடப் போகும் அன்றுதான் நஷ்டம் தெரியும். இன்னொன்று, படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு அவை இருக்கும் இடத்தை மட்டும் நூலகத்தில் குறித்துக்கொள்ளும் வசதி இவற்றில் உண்டு. அப்படி அமைத்தவர் நூலகத்தை மட்டும் நகலெடுத்தால் கையில் கிடைப்பது வெறும் முகவரிகள்.

எல்லா மென்பொருளும் பெயர்களை இப்படிப் படத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒருபோதும் இருந்ததில்லை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோட்டோ கேலரிக்கு 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அது குறிச்சொற்களையும் முகப் பெயர்களையும் படக்கோப்புக்குள்ளேயே எழுதி வந்தது. அதனால் இன்றும் வேறு மென்பொருளால் அவற்றைப் படிக்க முடிகிறது. அந்த மென்பொருளைப் பெரிதாகப் புகழ்ந்தவர்கள் குறைவு. ஆனால் தன்னை நம்பியவர்களுக்கு அது செய்த நன்மை பெரியது.

தமிழில் பெயர் எழுதியவர்களுக்கு இன்னும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது வராது, ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி, டிஸ்கி, டேப் என்று பல எழுத்துருக் குறியீடுகளில் தட்டச்சு செய்தோம். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்ததே 2010-இல் கோவைச் செம்மொழி மாநாட்டின்போதுதான். அதற்கு முன் பாமினியில் எழுதிய குறிப்பு, கணினியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த ஒரு வரி மட்டுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்பதுகூடப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யார் யார் என்று தனி வேர்டு கோப்பில் எழுதி ஆல்பத்தோடு வைத்தவர்கள், அது எந்த எழுத்துரு என்று நினைவிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் மூலக் குறியீடு எது என்று தெரிய வேண்டும்.

யூனிகோடில் எழுதியவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. படக்கோப்புக்குள் தகவல் எழுதப் பழைய முறை ஒன்றும் புதிய முறை ஒன்றும் உண்டு. பழையது ஐபிடிசி, செய்தி நிறுவனங்களுக்காக உருவானது. அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு அது 64 எழுத்து, தாராளம். தமிழில், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும். 'தை' என்பது தகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், 6 பைட். 'கல்லிடைக்குறிச்சி அத்தை' என்று ஒரு குறிச்சொல் கொடுத்தால் 22 குறியீடுகளும் ஓர் இடைவெளியுமாக 67 பைட் ஆகிறது. வரம்பைக் கறாராகப் பின்பற்றும் மென்பொருள் கடைசி 3 பைட்டை வெட்டிவிடும், அத்தை 'அத்த' ஆகிவிடுவார். யூடிஎஃப்-8 அறியாத மென்பொருளிலோ பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ குப்பை எழுத்துகளாகவோ ஆகிவிடும். புதிய முறையான எக்ஸ்எம்பி, 2001-இல் அடோபி கொண்டுவந்தது, 2012-இல் ஐஎஸ்ஓ தரமானது. அதில் இந்த வரம்பு இல்லை, யூனிகோடு அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. தமிழில் பெயர் எழுதுபவர் தம் மென்பொருள் எக்ஸ்எம்பி எழுதுகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

இணையத்தில் ஏற்றிவிட்டோம், அங்கே பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையைக் காலம் பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. சமூக வலைத்தளமான ஆர்குட் 2014 செப்டம்பர் 30-இல் மூடப்பட்டது. பிக்காசாவின் இணைய ஆல்பங்கள் 2016 மே மாதம் நின்றன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. கூகுளின் பழைய சேவைகளில் சேர்ந்த படங்களைப் பார்க்க உதவிய ஆல்பம் ஆர்க்கைவ் 2023 ஜூலை 19-க்குப் பின் இல்லை. படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கர் 2019-இல் இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பு கட்டியது. இவை எல்லாவற்றையும்விட வீடுகளைத் தொடக்கூடியது வேறொன்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை அதிலுள்ள படங்களோடு நீக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் நடைமுறை. மறைந்த தந்தையின் கணக்கில் குடும்பப் படங்கள் இருந்தால், அவருடைய ஃபோனை அணைத்துவைத்த நாளிலிருந்தே அந்தக் கெடு ஓடத் தொடங்கியிருக்கும். கூகுள் ஃபோட்டோஸிலிருந்து டேக்அவுட் என்ற சேவை வழியாக எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அங்கே நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் இராது, கூடவே வரும் தனி ஜேசன் கோப்பில் இருக்கும். வேண்டாத கோப்பு என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த தேதி முதலான உள்தகவல்கள் நீங்கிவிடும், படமும் சுருங்கும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும்.

செய்ய வேண்டியதைப் பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதில்தான் செய்ய வேண்டும். பிக்காசா 3.9 பதிப்பில் முகப் பெயர்களைப் படத்துக்குள் எழுதும் வசதி உண்டு, நாம் அமைப்புகளுக்குள் போய் இயக்கினால்தான் அது வேலை செய்யும். முதலில் படங்களை மட்டுமின்றி மறைந்த கோப்புகளையும் ஆப்டேட்டாவிலுள்ள பிக்காசா ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு ஒரே ஒரு ஃபோல்டரில் சோதித்துப் பாருங்கள். எழுதப்பட்டதா என்று பிக்காசாவிலேயே பார்ப்பதில் பயனில்லை, அது தன் பட்டியலிலிருந்தே காட்டும். வேறொரு கணினியில், டிஜிகேம் போன்ற இலவச மென்பொருளில் அந்தப் படத்தைத் திறந்து பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மட்டும் மற்ற ஃபோல்டர்களுக்குப் போங்கள். ஆப்பிளின் ஃபோட்டோஸில் மூலப் படங்களை ஏற்றுமதி செய்யும்போது எக்ஸ்எம்பி கோப்பும் வேண்டும் என்று கேட்கும் கட்டம் இருக்கிறது. அதில் தலைப்பும் குறிப்பும் குறிச்சொற்களும் வரும். முகப் பெயர்களையும் அது தந்துவிடும் என்று நம்பாமல், முக்கியமானவர்களின் பெயரைக் குறிச்சொல்லாகவும் எழுதிவையுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர் ஐம்பது படங்களையாவது எடுத்து, கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஊர், ஆட்கள் என்று எழுதட்டும். கோப்பின் பெயரைப் படிக்க எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம். மிக முக்கியமானவற்றை அச்சிட்டுப் பின்புறம் எழுதிவைப்பதும் நல்லது. இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான வின்ட் செர்ஃப் 2015-இல் அமெரிக்க அறிவியல் மாநாடு ஒன்றில், முக்கியமான படங்களை அச்சிட்டு வையுங்கள் என்றே சொன்னார்.

பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச் சலுகையில் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் அதைத் திறந்து பிக்காசாவோ ஐஃபோட்டோவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, உள்ளே பெயர்களும் இருந்தால், அவை படங்களுக்குள் ஏறும்வரை அந்தக் கணினியைக் கொடுக்காதீர்கள்.