பாளைச் சாற்றின் மணிக்கணக்கு

பனை, தென்னை, கூந்தற்பனை ஆகிய மூன்று மரங்களின் பாளையைச் சீவினால் இனிப்பான சாறு வடிகிறது. அதைச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பிடித்தால் பதநீர், தடவாத கலயத்தில் பிடித்தால் கள். கலயத்தின் உட்புறம் பூசிய அந்த வெள்ளைப் பூச்சுதான் இரண்டையும் பிரிக்கிறது. சட்டமும் அந்தக் கோட்டையே பின்பற்றுகிறது. தமிழ்நாட்டில் பதநீரைச் சாலையோரத்தில் ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கலாம். கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இன்றும் நடக்கின்றன.

குற்றாலத்தின் ஐந்தருவியை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்த மூன்று மரங்களும் ஒருநாள் பயணத்துக்குள் அடங்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று குற்றாலத்தில் சாரலைப் பொழிகிறது. பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளம் போவதற்குள் ஈரத்தை இழந்துவிடுகிறது. அந்த வறண்ட கிழக்கே பனை நிற்கிறது. செங்கோட்டை, புளியரைப் பக்கம் தென்னை. மலைக்காட்டுச் சரிவில் கூந்தற்பனை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. இப்போது மாநில எல்லை புளியரைக்கு மேற்கே ஓடுகிறது. ஆகவே பதநீரை எல்லைக்குக் கிழக்கேயும் கள்ளை மேற்கேயும்தான் ருசி பார்க்க முடியும். பதநீருக்குக் காலக் கணக்கும் உண்டு. தை, மாசியில் தொடங்கும் பனஞ்சாறு ஆடியோடு ஓய்ந்துவிடும். அருவிச் சீசன் ஆனியில் தொடங்குவதால், குளிக்க வருகிறவர்களுக்குக் கிடைப்பது பருவத்தின் கடைசிப் பதநீர். தென்னை அப்படியில்லை, ஆண்டு முழுவதும் சுரக்கும்.

சாறு தானாக வடிவதில்லை. பனையேறி ஆண்பனையின் பாளைகளைச் சேர்த்துக் கட்டி, கடிப்பு என்னும் மரக்கருவியால் சில நாட்கள் நசுக்கிப் பக்குவப்படுத்துகிறார். பிறகு நுனியை அரிவாளால் மெல்லிசாகச் சீவுகிறார். மரம் பூவுக்கும் காய்க்கும் அனுப்பும் சர்க்கரை அந்த வெட்டுவாய் வழியே கலயத்தில் இறங்குகிறது. வெட்டுவாய் காய்ந்து அடைபடாமல் இருக்க நாள்தோறும் புதிதாகச் சீவ வேண்டும். காலையிலும் மாலையிலும் மரமேற வேண்டியிருப்பது இதனால்தான். தென்னையில் விரியாத பாளையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, எலும்பாலோ கட்டையாலோ மெல்லத் தட்டிப் பதப்படுத்துவது கேரளத்து வழக்கம். தட்டும் கை முரடானால் பாளை கெடும். ஒரு மரம் தரும் சாற்றின் அளவு மண்ணைப் பொறுத்ததைப் போலவே ஏறுகிறவரின் கையையும் பொறுத்தது.

வெட்டுவாயில் சொட்டும்போது சாறு கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கிறது, புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. அதில் ஏறத்தாழ 12 சதவீதம் சர்க்கரை, பெரும்பாலும் சுக்ரோஸ். காற்று, தேனீ, குளவி, பழ ஈ, நேற்றைய கலயத்தில் தங்கிய எச்சம் என எல்லா வழியிலும் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் வந்து விழுகின்றன. சுண்ணாம்பு இருந்தால் அவற்றால் பிழைக்க முடியாது. சாற்றின் காரத்தன்மை ஏறி, சுக்ரோஸை உடைக்கும் நொதிகளும் முடங்குகின்றன. உடையாத சுக்ரோஸ்தான் காய்ச்சும்போது இறுகிக் கருப்பட்டியாகிறது. சுண்ணாம்பு குறைந்து லேசாகப் புளித்த பதநீரை எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இளகலாகவே நிற்கும். உடன்குடி கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றதற்குப் பின்னால் மண்ணும் மரமும் மட்டுமல்ல, கலயத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்ற கைக்கணக்கும் இருக்கிறது.

சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் நொதித்தல் மரத்தின் மேலேயே தொடங்கிவிடுகிறது. முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிச் சாற்றைப் புளிக்கவைக்கின்றன. அவற்றுள் லியூகோனாஸ்டாக் என்னும் வகை சர்க்கரையைக் கோத்துப் பிசினாக்குவதால் சாறு வெண்மை கொண்டு சற்றுக் கொழகொழக்கிறது. கூடவே ஈஸ்ட் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இதே வேலையை ஈஸ்டைவிட விரைவாகச் செய்கிறது. மெக்சிகோவில் கற்றாழையினச் சாற்றிலிருந்து இறக்கும் புல்கே பானத்திலும் அது உண்டு. சில மணி நேரத்தில் கள் நுரைக்கிறது, ஒரு நாளுக்குள் ஆல்கஹால் 4 முதல் 6 சதவீதத்தை எட்டுகிறது. அதன்பின் அசெட்டிக் அமில பாக்டீரியாக்களின் முறை. இரண்டு மூன்று நாளில் கள் காடியாகிவிடும்.

கடைகளில் புழங்கும் பெயர்களும் இந்த மணிக்கணக்கையே ஒட்டியவை. காலையில் இறக்கி உடனே குடிப்பது இளங்கள்: இனிப்பு தூக்கல், புளிப்பு மட்டு. மாலையில் இறக்குவது அந்திக்கள். நின்று முதிர்ந்தது மூத்த கள்: இனிப்பு வற்றி, புளிப்பும் கார்ப்பும் ஏறியது. பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றித் தயாராகும் லாம்பிக் பீரும் காற்றில் வரும் ஈஸ்டை நம்பியதுதான். சூடான மால்ட் சாற்றைக் குளிர்கால இரவில் அகன்ற தொட்டியில் திறந்து வைத்து, பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை முதிரவிடுவார்கள். லாம்பிக் ஆண்டுக்கணக்கில் கடக்கும் படிகளைப் போன்றவற்றைக் கள் நம் வெயிலில் இரண்டு நாளில் கடந்துவிடுகிறது. தொழிற்சாலை பீரோடு கள்ளை ஒப்பிடுவதைவிட லாம்பிக்கோடு ஒப்பிடுவதே பொருத்தம்.

கள்ளின் வீரியத்துக்கு இயற்கையான ஓர் உச்சவரம்பு இருக்கிறது. 12 சதவீதச் சர்க்கரை துளி மிச்சமின்றி ஆல்கஹாலாக மாறினாலும் கணக்கு 8 சதவீதத்தைச் சற்றே தாண்டும். நடைமுறையில் அவ்வளவும் மாறுவதில்லை. ஆகவே இரண்டு கோப்பையில் ஆளைச் சாய்க்கும் கள்ளை ‘நல்ல வீரியம்’ என்று பாராட்டுவது ஆபத்தான அறியாமை. கேரளத்திலும் தெலங்கானாவிலும் பிடிபட்ட கலப்படக் கள்ளில் குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம் போன்ற மயக்க மருந்துகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. ருசியறிந்தவர் வீரியத்துக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை, அதைச் சந்தேகிக்கிறார்.

ருசி பார்ப்பதில் கண்ணுக்குத்தான் முதல் வேலை. பதநீர் இளமஞ்சள் சாயலோடு தெளிந்திருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டினால் சுண்ணாம்பு போதவில்லை, புளிப்பு தொடங்கிவிட்டது. நாக்கு வெந்தது போல் சொரசொரத்தால் சுண்ணாம்பு தூக்கல். மாங்காய்த் துண்டு போட்டுக் குடிக்கும் வழக்கம் இங்கே உதவுகிறது, ஏனென்றால் மாங்காயின் அமிலம் அந்தக் காரத்தை மட்டுப்படுத்தும். ஆனால் அதே காரணத்தால் தரம் பார்க்கும்போது மாங்காய் ஆகாது. முதல் வாய் வெறும் பதநீராகவே இருக்க வேண்டும். விழுங்கிய பிறகும் பொய்யான இனிப்பு நாக்கின் ஓரத்தில் நெடுநேரம் நின்றால் சாக்கரின் கலந்த தண்ணீரோ என்று ஐயப்படலாம். பனஞ்சாற்றின் இனிப்பு சட்டென்று விலகிவிடும்.

கள்ளில் மூக்குக்கு வேலை அதிகம். புதுக் கள்ளில் ஈஸ்ட் வாடையும் பழ வாடையும் கலந்து வரும். காடி வாடை முந்திக்கொண்டால் அது கடந்துபோன கள். நாக்கில் கவனிக்க வேண்டியவை எஞ்சிய இனிப்பு, புளிப்பு, வாயுவின் சுறுக்கு, கொழகொழப்பு. பீரில் ஹாப்ஸ் தரும் கசப்பு இனிப்பைச் சமன்செய்கிறது. கள்ளில் அந்த வேலையைப் புளிப்புதான் செய்கிறது. கசக்கும் கள் சந்தேகத்துக்குரியது. கேரளத்துக் கடைகளில் மரச்சீனியும் காரமான மீன்கறியும் முதலில் வந்துவிடும். உண்பதற்கு அவை அருமை, ஆனால் மிளகாய் பட்ட நாக்கு மென்மையான வேறுபாடுகளைக் காட்டித்தராது.

ஊருக்கு ஊர் மாறுவதில் பாதி மரத்தின் வேலை. பனங்கள்ளுக்கு வாடை கனம். தென்னங்கள் பால்வெள்ளையாக, மிதமான மணத்தோடு இருக்கும். பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலிருந்து கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு அது வண்டியில் போகிறது. வண்டியில் போகும் நேரமும் நொதிக்கும் நேரமே என்பதால், சித்தூரில் குடிக்கும் கள்ளும் தொலைவூரில் குடிக்கும் அதே கள்ளும் ஒன்றாக இருக்க முடியாது. கூந்தற்பனையை இலங்கையின் மலைநாட்டில் கித்துள் என்கிறார்கள். அங்கே கலயத்தில் ஹால் மரத்தின் பட்டையைப் போட்டு நொதித்தலைத் தாமதப்படுத்துவதும் உண்டு. பட்டையின் துவர்ப்பு சாற்றில் லேசாக ஏறும். யாழ்ப்பாணத்தில் பதநீரைக் கருப்பநீர் என்பார்கள். இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. அங்கே பனங்கள்ளைச் சூடாக்கி நொதித்தலை நிறுத்திப் புட்டியில் அடைத்து ஏற்றுமதியும் செய்கிறார்கள். கடல் கடந்த தமிழர்களுக்கு ஊர்க் கள் என்று கிடைப்பது பெரும்பாலும் இந்தப் புட்டிக்கள்தான். சூடுபட்டதில் புதுமணம் சற்று மங்கும், ஆனால் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கும்.

பீருக்கு மதிப்பெண் போட அமெரிக்காவில் 1985இல் உருவான பீர் நடுவர் அமைப்பின் படிவம் பலரும் பயன்படுத்துவது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10, ஆக 50. இந்தப் பகிர்வு கள்ளுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும்; தோற்றத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், ஏனென்றால் நுரையும் வெண்மையும் கள்ளின் வயதைக் காட்டுபவை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் படிவம் ஒவ்வொரு பீரையும் அதன் வகைக்குரிய இலக்கணத்தோடு ஒப்பிடுகிறது. கள்ளில் வகை என்பது மரமும் நேரமும் சேர்ந்தது. இளங்கள் புளித்திருந்தால் குறை, மூத்த கள் புளிக்காவிட்டால் குறை. ஆகவே மதிப்பெண்ணுக்கு முன் மரம், ஊர், இறக்கிய மணி, குடித்த மணி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே கலயத்தை இறக்கியதும் ஒருமுறை, நான்கு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை எனச் சிறு அளவில் ருசித்து மூன்று தனித்தனி மதிப்பெண் இடுவதே சரியான முறை. மூன்றாம் நாள் மிச்சம் இருப்பதை மதிப்பிட வேண்டியதில்லை. காடியாக அது சமையலறைக்குப் போகும்.