பழைய மட்டை இயந்திரம் வாங்குவோர் கவனத்திற்கு

ஆலங்குடியைத் தாண்டி வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று பேருந்தில் சென்றிருக்கும் நண்பர்கள் அறிவார்கள், அது தென்னையும் பலாவும் பூந்தோட்டங்களும் நிறைந்த சோலை என்பதை. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் அச்சோலையை ஒரே இரவில் சாய்த்துவிட்டது. அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவன். எங்கள் தோப்பில் 130 தென்னைகள். பொழுது விடிந்தபோது நின்றவை பத்தொன்பது.

மரம் விழுந்ததைக் காட்டிலும் விழுந்த மரம் அழுகியதே எங்களுக்குப் பெருங்கேடாயிற்று. காண்டாமிருக வண்டு அழுகிய தென்னைத் தண்டிலும் எருக்குழியிலும் முட்டையிடும். அங்கே புழுவாக வளர்ந்து, வண்டாக வெளிவந்து, இளந்தென்னையின் குருத்தைக் குடையும். குடைந்த குருத்து விரியும்போது ஓலை கத்தரித்த விசிறி போலத் தெரியும். 2019இல் அப்பா நட்ட அறுபது கன்றுகளில் பதினான்கு இவ்வாறு போயின. அடுத்த தோப்பில் இன்னும் அதிகம். இறந்த மரத்தைத் தோப்பில் வைத்துக்கொண்டு புதிய மரம் வளர்க்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே மட்டை இயந்திரம் தேவைப்பட்டது. ஏடுகளில் இதற்கு 'துகளாக்கும் கருவி' என்று பெயர். எங்கள் ஊரில் மட்டை மெஷின். முழு அடிமரத்தையும் விழுங்கும் பெரிய இயந்திரங்கள் வேறு. எங்களுக்கு ஏற்றது மட்டையையும், பிளந்த சிறு துண்டுகளையும் தின்னக்கூடிய, டிராக்டரில் பூட்டி ஓட்டும் இயந்திரம். புயல் இல்லாவிட்டாலும் அதற்கு வேலை உண்டு. ஒரு தென்னை மாதம் ஒரு மட்டை கழிக்கும். ஏக்கருக்கு எழுபது மரமென்றால் ஆண்டுக்கு 840 மட்டை. கீற்று முடைந்து கூரை வேய்ந்த காலம் போய்விட்டதால் அவ்வளவும் வரப்போரம் கிடந்து எரிகிறது.

புதிய இயந்திரத்திற்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக மானியம் உண்டு. ஆனால் மானியம் போக மீதித் தொகையே எங்கள் கைக்கு எட்டவில்லை. 2020 பொங்கல் கழிந்து, அப்பாவும் மாமாவும் நானும் ஒரு தரகர் சொன்ன இடத்திற்குப் போனோம். புதுப் பச்சை வண்ணம் பூசி, மணப்பெண் போல நின்றது இயந்திரம். "ஒரு பட்டம்தான் ஓடியிருக்கு அண்ணே" என்றார் தரகர். டிராக்டரைப் பூட்டி, தயாராய் வைத்திருந்த பச்சைக் கிளையைப் போட்டுக் காட்டினார். அது கரும்பைப் போல நொறுங்கிற்று. புதிய விலையில் பாதிக்கும் குறைவாக முடித்தோம். மூன்றாம் நாள் ஒரு பேரிங் இறுகி, தண்டு நீலம் பாய்ந்து நின்றது. லேத் பட்டறைப் பெரியவர் வண்ணத்தைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே நீளமாக ஒரு வெல்டிங் தழும்பு.

அன்று நாங்கள் பார்த்திருக்க வேண்டியவை யாவை? முதலில், ஓடுகிற இயந்திரத்தைப் பார்ப்பதைவிட நிற்கிற இயந்திரத்தைப் பார்ப்பதே மேல். டிராக்டரைக் கழற்றி, பெல்ட்டை இறக்கிவிட்டு, வெளியே தெரியும் புல்லியைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓசையின்றிச் சுழன்றால் நலம். மணல் அரைபடுவது போலக் கரகரத்தால் பேரிங் முடிந்தது. பிறகு தண்டை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால் பேரிங்கோ அது உட்காரும் இடமோ தேய்ந்திருக்கிறது. பின்னது தேய்ந்திருந்தால் செலவு அதிகம். பிளேடில் சாணை பிடிக்க இன்னும் எவ்வளவு இரும்பு மிச்சம், போல்ட் துளைகளின் ஓரத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்பதையும் காண வேண்டும். கடைசியாக, நம் தோப்பின் காய்ந்த மட்டையை நாமே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும். வெளிவரும் துகளில் வெட்டுவாய் தெரிந்தால் பிளேடு நன்று. நார் நாராய்க் கிழிந்து வந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது, அல்லது சுழலும் பிளேடுக்கும் அசையாத அடிப்பிளேடுக்கும் இடைவெளி கூடியிருக்கிறது.

அன்று புரியாத சில செய்திகள் இக்கல்லூரியின் இயற்பியல் வகுப்பில் எனக்குப் புரிந்தன. மட்டையை வெட்டுவது டிராக்டர் மட்டுமன்று. கனத்த டிரம் சுழற்சியில் சேர்த்து வைத்துள்ள ஆற்றலும்தான். அவ்வாற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகும். எனவே இயந்திரம் முனகும்போது மேலும் மட்டையைத் திணிப்பது அறியாமை. சற்றுப் பொறுத்தால் அது தானே வேகம் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று பிளேடுகளின் எடை. எதிரெதிரே உள்ள இரு பிளேடுகளில் ஒன்று 50 கிராம் குறைந்திருப்பதாகக் கொள்வோம். மையத்திலிருந்து 30 செ.மீ. தொலைவில், நிமிடத்திற்கு 1000 சுற்று வேகத்தில், அந்த ஐம்பது கிராம் ஏறத்தாழ 17 கிலோ எடைக்குச் சமமான விசையாகித் தண்டை ஒருபுறம் இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி! எந்தப் பேரிங் தாங்கும்? எங்கள் இயந்திரத்தில் முந்தைய உரிமையாளர் ஒரு பிளேடை மட்டும் மாற்றியிருந்தார். இப்போது நாங்கள் எல்லாப் பிளேடுகளையும் ஒன்றாகவே கழற்றி, ஒன்றாகவே சாணை பிடித்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துச் சரிபார்த்த பிறகே மாட்டுகிறோம். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார்.

சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் தோய்க்க வேண்டும். முனை சூடேறி நீலமானால் எஃகின் பதம் போய்விடும். பிளேடுக்குப் பெரும்பகை மரமன்று, மணல். மட்டையின் அடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் போட்டால் பிளேடின் ஆயுள் கூடும். தென்னை நார் தண்டில் கயிறு போலச் சுற்றிப் பேரிங்கின் வாயை அடைக்கும். நாள்தோறும் வேலை முடிந்ததும் அறுத்தெடுக்க வேண்டும். கிரீஸ் அளவோடு போதும். அளவு மீறினாலும் பேரிங் சூடேறும். பெல்ட்டுகளில் ஒன்று அறுந்தால் எல்லாவற்றையும் மாற்றுவது நல்லது; புதியதும் பழையதும் சுமையைச் சமமாகப் பகிர்வதில்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். டிராக்டரிலிருந்து இயந்திரத்திற்குச் செல்லும் தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் அது இல்லை. 'அது என்ன பெரிய குறை' என்று விட்டுவிட்டோம். ஒரு மாலை மாமாவின் வேட்டி நுனி அதில் பட்டது. நிமிடத்திற்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. அவர் 'அய்யோ' என்று சொல்லி முடிக்கவில்லை. வேட்டி முழுதும் தண்டில் சுற்றிக் கிழிந்துவிட்டது. துணி பழையதாயிருந்ததால் அவர் பிழைத்தார். தொடையில் பதினோரு தையல். மறுநாளே உறை வந்துவிட்டது. டிராக்டரை நிறுத்திய பின்னும் டிரம் வெகுநேரம் சுழலும். அது அடங்குமுன் யாரும் வாயருகே கை நீட்டக்கூடாது என்பதும் அன்று முதல் எங்கள் தோப்பின் சட்டம்.

அரைத்த துகளைக் குவித்து வைக்கலாகாது. குவியல் மட்கத் தொடங்கினால் அதே வண்டு அதிலும் முட்டையிடும். மரத்தைச் சுற்றி மெல்லிய மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும். ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ள எங்களுக்கு இது சிறிய உதவியன்று. வண்டைக் கொல்லும் பச்சைப் பூசணம் பற்றி அறிய விரும்புவோர் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

அந்த அறுபதில் மிஞ்சிய கன்றுகளில் சில இப்போது பாளை விட்டிருக்கின்றன. மாமா அரைக்கால் சட்டை அணிந்துதான் இயந்திரத்தின் பக்கம் வருகிறார். ஊரார் சிரிக்கிறார்கள். அவர் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.